முந்தெழுதி

மருத்துவர் தில்லைநாயகி வாயைத் திறப்பதற்குள் அவருடைய நோய்க்குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. வாசலில் செவிலி சொன்ன "நெஞ்சு" என்ற ஒரு சொல்லே அதற்குப் போதுமாயிருந்தது. அவசரப் பிரிவுக் கட்டிலில் படுத்தபடி, சுவர்த்திரையில் அவர் படித்தார்: "பெண், ஐம்பத்திரண்டு வயது. நெஞ்செரிச்சல். வாயுத் தொல்லை."

எரிச்சல் என்று அவர் சொல்லவே இல்லை. யாரோ நெஞ்சில் ஏறி மிதிப்பதுபோல் இருந்தது. இடது தாடை வரை வலி இழுத்தது. மாரடைப்பு என்று அவருக்குத் தெரியும். உடனே இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

அந்தக் குறிப்பை எழுதிய கருவியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவமனையில் இரண்டு கருவிகளைச் சோதித்தார்கள். முதலாவது கேட்பெழுதி. காதில் விழுந்ததை மட்டும் எழுதும். ஐயம் வந்தால் நின்று, மறுபடி சொல்லச் சொல்லும். மின்விசிறிச் சத்தமும் டோக்கன் கூப்பிடும் சத்தமும் கலந்த புறநோயாளிப் பிரிவில் அது ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது முந்தெழுதி. ஒரு மருத்துவர் பல ஆண்டுகளாகச் சொன்ன குறிப்புகளை முதலில் கற்றுக்கொள்ளும். பிறகு நோயாளியின் வயதும் ஓரிரு சொற்களும் கிடைத்தால் போதும். அந்த மருத்துவர் வழக்கமாக அடுத்து என்ன சொல்வார் என்று கணித்து எழுதிவிடும். காதுக்கு எட்டாததைப் பழக்கத்தால் நிரப்பும், அவ்வளவுதான்.

சோதனையில் அது பிழையே செய்யவில்லை. பிழையை எப்படி அளந்தார்கள்? அது எழுதியதை மருத்துவர் திருத்துகிறாரா என்று பார்த்தார்கள். தில்லைநாயகி திருத்தவில்லை. தன் வாக்கியம் போலவே இருப்பதில் திருத்த என்ன இருக்கிறது?

அவர் துறைத் தலைவர். அதனால் அவருடைய குறிப்புகளைக் கொண்டே மருத்துவமனை முழுவதற்கும் அதைப் பழக்கினார்கள். நாளடைவில் பரிசோதனைகளையும் அதுவே முடிவு செய்தது. அதை மீறும் இளம் மருத்துவர்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும் என்ற விதியும் அவர் போட்டதுதான்.

கட்டிலருகே இருந்த பணி மருத்துவர் ஆசிக் அப்படி ஒருமுறை எழுந்து நின்றவர்.

"ஆசிக், இ.சி.ஜி. எடுப்பா."

ஆசிக் திரையைப் பார்த்தார். "தேவையில்லைன்னு போட்டிருக்கே மேடம்."

"நான் சொல்றேன்ல."

"போன தடவை ஒரு அம்மாவுக்கு நானா எடுத்தேன். நார்மல்னு வந்துச்சு. அதை மீறினா உங்களையே மீறின மாதிரின்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க." குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே பயந்திருந்தார்.

"அதை நம்பாதப்பா. அது என்னை மாதிரி பேசுது, அவ்வளவுதான்."

"அதனாலதானே மேடம் நம்புறோம்."

தில்லைநாயகி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பற்றிய உள்ளங்கை வியர்த்துச் சில்லிட்டிருந்தது. அவர் குரல் உயர்ந்ததைக் கேட்ட முந்தெழுதி அடுத்த வரியை எழுதியது: "நோயாளி தேவையில்லாமல் பயப்படுகிறார். தேறுதல் சொல்லி அனுப்பலாம்."

எத்தனையோ பெண்களின் எதிரிலேயே தில்லைநாயகி அதே வரியைச் சொல்லியிருக்கிறார், அடுத்த டோக்கனுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டே. அவர்களில் யார் யார் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பது முந்தெழுதிக்குத் தெரியாது. செத்தவர்கள் திரும்பி வந்து குறிப்பைத் திருத்துவதில்லை.

ஆசிக் திரையைப் படித்தார். பிறகு அவருடைய விரல்களை மெதுவாகப் பிரித்து விலக்கி, போர்வையை மேலே இழுத்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம். வாயுதான்."