ஜாயின்ட் செக்ரட்டரியின் பேனா

ஜங்க்புராவில் அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. தில்லியில் நவம்பர் மாதம் காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கடிகாரம் வேண்டும். புகை அப்படி. மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த இடத்திலிருந்து மண் வேறு பறந்து வந்து மாடிப்படியெல்லாம் படிந்திருந்தது. அந்த மண்ணில் ஏறிப்போன செருப்புத் தடம் ஒன்று இருந்தது. இறங்கி வந்த தடம் இல்லை. நமக்கு முன்னால் வேறொரு பேனாப் பைத்தியம் வந்துவிட்டதே என்றுதான் அப்போது கவலைப்பட்டேன்.

நான் பழைய பேனாக்கள் சேர்க்கிறவன். நூற்று நாற்பது இருக்கின்றன. நாளுக்கு ஒன்றாக மை ஊற்றி எழுதுவேன். அன்று போனது ராஜகோபால் சாருடைய பேனாவுக்காக. என் மேலதிகாரியாக இருந்தவர், ஜாயின்ட் செக்ரட்டரி. செத்துப் பதினோரு வருஷம். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த அவர் பேத்தி மேதா கதவைத் திறந்தாள்.

"வேற யாராவது வந்திருக்காங்களாம்மா?"

"இல்லையே அங்கிள், நான் மட்டும்தான். ஆயியே."

மேஜை டிராயரை இழுத்தாள். நாப்தலீன் உருண்டை வாசனை குப்பென்று வந்தது. உள்ளே கறுப்பு எபனைட் பேனா ஒன்று.

"தாத்தா இதை யாரையும் டச் பண்ண விடமாட்டார். எடுத்துக்கோங்க." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அங்கிள், இதுல இங்க் இன்னும் காயல."

மூடி வைத்த பேனாவில் மை இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். திறந்து பார்த்தேன். நிப்பு ஈரமாகப் பளபளத்தது.

பச்சை.

எங்கள் ஆபீஸில் பச்சை மை, ஜாயின்ட் செக்ரட்டரிக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும்தான். நான் குமாஸ்தாவாக இருந்தபோது, வேறு மை கிடைக்காமல், ஒரு குறிப்பைப் பச்சையில் எழுதித் தொலைத்தேன். ராஜகோபால் சார் ஃபைல் ஓரத்தில் இரண்டே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்பினார்: 'ப்ளீஸ் ஸ்பீக்'. மேலதிகாரி அப்படி எழுதினால், எழுந்து போய் அவர் முன்னால் நிற்க வேண்டும் என்று அர்த்தம். போய் நின்றேன். நாற்பது நிமிஷம் நிற்க வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார், இதே பேனாவால்.

ஆகவே நான் அதை வாங்கியது பக்தியால் அல்ல. அதை வைத்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் காய்கறிப் பட்டியல் எழுத வேண்டும். என் வாழ்நாள் லட்சியம் அவ்வளவுதான்.

கிட்வாய் நகரில் மகளுடைய குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஏழு தடவை கழுவினேன். தண்ணீர் தெளிந்தது. நீல மை ஊற்றி உட்கார்ந்தேன். சின்ன வெங்காயம் அரைக் கிலோ. முருங்கைக்காய் நாலு. பழைய நிப்பு முதல் சொந்தக்காரர் கைவாக்கில் தேய்ந்திருக்கும், அந்தச் சாய்வுக்கு நம் கையையும் இழுக்கும். பேனா சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இந்தப் பேனா இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டது.

எழுதி முடித்தபோது நீலம் பச்சையாகக் காய்ந்திருந்தது. முருங்கைக்காய்க்குப் பக்கத்தில், நான் எழுதாத இரண்டு வார்த்தை.

ப்ளீஸ் ஸ்பீக்.

முப்பத்தாறு வருஷப் பழக்கம். மூளைக்கு முன்னால் கால் எழுந்துவிட்டது. கூடவே வாயும்.

"எஸ் சார்" என்றேன்.

அதுதான் நான் செய்த தப்பு. கூப்பிட்டது யார் என்று பார்க்காமல் ஆஜர் கொடுத்துவிட்டேன்.

காதோரம் நாப்தலீன் வாசனை வந்தது.

"ஒரு கையெழுத்துப் போடணும், மாணிக்கவாசகம். கையைக் கொடும்."

எந்தக் கையெழுத்து என்பது மறுநாள் தெரிந்தது. நவம்பரில் பென்ஷன்காரர்கள் எல்லாரும் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று பாங்க்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். லைஃப் சர்ட்டிஃபிகேட். கொடுக்காதவன் சர்க்கார் ஏட்டில் ஆள் கிடையாது. பிசகினால் இருக்கட்டும் என்று மூன்று படிவம் வாங்கி வைத்திருந்தேன். முதல் படிவத்தில் வேறொரு பேனாவால்தான் ஒப்பமிட்டேன். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை சில்லிட்டது. காகிதத்தில் இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து ஒன்று இருந்தது.

வி. ராஜகோபால்.

அதற்குள் மகள் இளவரசி வந்தாள். "இந்தக் காலத்துல எவம்ப்பா பேப்பர்ல குடுக்கான்? ஜல்தி இங்க பாருங்க, மொபைல்ல முகத்தக் காட்டியே முடிச்சிரலாம்" என்று செல்போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

முகம் எதுவும் இல்லை என்றது செல்போன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். முகம் இல்லை. ஜன்னலோரம் போய் நின்றேன். இல்லை.

"நெட்வொர்க் சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டு அவள் ஆபீஸுக்குப் போய்விட்டாள். எனக்கு ரோஷம் வந்தது. இரண்டாவது படிவத்தை எடுத்து, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒப்பமிட்டேன். முழங்கை வரை விறைத்துப்போயிற்று.

வி. ராஜகோபால்.

என் மனைவி பூங்கோதை காபியோடு வந்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சாரு இந்த மனுசன்? காபி ஆறுது."

"இங்கதான இருக்கேன்" என்றேன். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "சரி, செத்த உக்காருவோம்" என்று என் நாற்காலியிலேயே உட்கார வந்துவிட்டாள்.

படிவத்தை இரண்டாகக் கிழித்தேன்.

"அய்யோ!" என்று துள்ளினாள் பூங்கோதை. "இங்கயேதான் உக்காந்திருக்கீங்களா? கூப்பிட்டா பதில் சொல்ல முடியாம வாயில என்ன கொழுக்கட்டையா?"

விஷயம் விளங்கிவிட்டது. மூன்றாவது படிவமும் அவர் பெயரில் போனால், கிழிப்பதற்கு எனக்குக் கை இருக்காது. அவர் உயிரோடு இருப்பார். என் நாற்காலியில் பூங்கோதை உட்காருவாள்.

அவள் சமையலறைக்குப் போனாள். அறை இருட்டிக்கொண்டு வந்தது, பட்டப்பகலில்.

"மூணாவதைப் போடும், மாணிக்கவாசகம். எனக்கு நாழியாறது."

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு காலையும் மேஜை மேல் நீட்டினேன்.

"சார், நான் ரிட்டையர் ஆகிப் பதினெட்டு வருஷமாச்சு. இனி நான் உக்காந்துதான் பேசுவேன். நீங்க நில்லுங்க."

மூச்சு விடும் சத்தம் நின்றது. அதுவரை ஒரு மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

விறைத்த வலது கையை மடியில் போட்டுவிட்டு, இடது கையாலும் பல்லாலும் அந்தப் பேனாவைத் திருகினேன். உள்ளே இருந்த பச்சையை ஆறிப்போன காபியின் டபராவில் கவிழ்த்தேன். இடது கட்டைவிரலை அதில் தோய்த்தேன்.

"கைநாட்டா?" காதுக்குள் சீறியது. "நூற்று நாற்பது பேனா வெச்சிண்டு? வெக்கமா இல்லையா ஓய்?"

"வெட்கமெல்லாம் உசுரோட இருக்கவனுக்குத்தான் சார் வரும். எனக்கு நிறையவே வருது."

மூன்றாவது படிவத்தில் அழுத்தினேன். ரேகை ரேகையாக விழுந்தது, அத்தனையும் என்னுடையது. பூங்கோதையும் பக்கத்து வீட்டுச் சுந்தரவல்லியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வலது கையில் சூடு மெதுவாகத் திரும்பியது.

பாங்க்கில் கூட்டம் இல்லை. எனக்குப் பின்னால் வரிசை காலி. கவுன்ட்டரில் ஸ்வப்னா என்கிற பெண், படிவத்தையும் என் சட்டைப் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பையில் மூன்று பேனா, படிவத்தில் கைநாட்டா அங்கிள்?" என்றாள் இந்தியில்.

"பேனா எழுதுறதுக்கும்மா. இது ஆள் இருக்கான்னு காட்டுறதுக்கு" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

சிரித்துவிட்டு முத்திரை குத்தி ரசீது கொடுத்தாள். சர்க்கார் ஏட்டில் எனக்கு இன்னும் ஒரு வருஷம் உயிர். பிறகு என் தோளுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தாள்.

"பைட்டியே சார், உட்காருங்க. நீங்களும் லைஃப் சர்ட்டிஃபிகேட்டா?"

பக்கத்து நாற்காலியின் ரெக்சின் இருக்கை மெதுவாக அமுங்கியது.

"அவருக்குப் பதினோரு வருஷம் லேட்டும்மா" என்றேன். நான் ஏதோ ஜோக் சொன்னதாக நினைத்து அவள் தலையாட்டினாள். ஒரு புதுப் படிவத்தை எடுத்து அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. வாசலை எட்டும்போது பின்னால் அவள் குரல் கேட்டது.

"இங்கே உங்களைத் தெரிந்தவர் யாராவது உண்டா சார்?"

ரெக்சின் நாற்காலி கிறீச்சிட்டது.

"அச்சா, அச்சா... மாணிக்கவாசகம் அங்கிள்! ஒரு நிமிஷம்!"

கூப்பிடட்டும் என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு புகைக்குள் இறங்கிவிட்டேன்.