அம்மா பார்த்த ஸ்கோப்

11.12.2018, செவ்வாய்.

இந்த நாட்குறிப்பின் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் 'கண்ணாடி தெளிவு' என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. நான் பார்த்துத் தீர்மானித்ததல்ல. அம்மா சொன்னதை என்னுடைய முடிவுபோல எழுதிவிட்டேன்.

பறவை வழிகாட்டிகளுக்கான மாலை வகுப்பில் வருகிற சனிக்கிழமை செயன்முறைப் பரீட்சை. முக்காலியில் பூட்டி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, அதுதான் ஸ்கோப், ஆளுக்கு ஒன்று வேண்டும். என் சீட்டுக் காசுக்குள் வாங்கக்கூடியவையாக இருந்தவை இரண்டுதான். ஒன்று புதியது, முன்கண்ணாடி சிறியது. மற்றது பழைய சாமான் விற்கும் அப்துல் றசாக் நானாவிடம் இருந்த பழையது, முன்கண்ணாடி பெரியது. பெரிதானால் விடியற்காலையிலும் வெளிச்சம் கூடுதலாக வரும். இரண்டு நாள் ஒப்பிட்டு எழுதிப் பார்த்துப் பழையதை எடுத்தேன்.

"தங்கச்சி, எனக்கு இதிலை விளக்கம் இல்லை. மூண்டு நாள் வைச்சுப் பாருங்கோ. பிடிக்காட்டித் திருப்பிக் கொண்டாங்கோ" என்றுதான் நானா தந்தார்.

பள்ளிமுனைக் கரையில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் பால் கலந்ததுபோல இருந்தது. மங்கல் ஸ்கோப்பிலா, என் மூக்குக்கண்ணாடியிலா? என் கண்ணை நான் நம்புவதில்லை. அம்மாவைக் கூட்டிவந்தேன். அப்பா கடலுக்குப் போன காலத்தில், தூரத்தில் வரும் வள்ளம் யாருடையது என்று கரையில் முதலில் சொல்பவர் அம்மாதான். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை... நல்ல தெளிவு."

நேற்றோடு நானா தந்த மூன்று நாளும் முடிந்தது.

இன்று காலை அம்மா தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். என் வகுப்புக் குறிப்புக் கொப்பி நனைந்துவிட்டது.

"கண்ணை எங்கை வைச்சிருக்கிறீங்க அம்மா?" என்று கத்தினேன். அவர் சேலைத் தலைப்பால் கொப்பியைத் துடைத்தார். துடைத்தது ஈரமில்லாத பக்கத்தை. அதையும் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

வங்காலைச் சரணாலயத்தில் நடந்த மாலை வகுப்பில், எங்களுக்குப் படிப்பிக்கும் பரமநாதன் சேர் என் ஸ்கோப்பை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, உள்ளுக்கை பூஞ்சணம் பிடிச்சிருக்கு. இதாலை பூநாரை எது, உப்புக் குவியல் எது எண்டு பிரிக்கேலாது."

"செலீனாவின்ர பறவையள் எல்லாம் புகைக்குள்ளை பறக்குது சேர்!" என்றான் வின்சன்ட். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் சின்னம்மா திரேசம்மாவும் கூலிக்கு மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தெளிவெண்டு ஏன் சொன்னீங்க? இனி நானா திருப்பி எடுப்பாரோ? என்ர பரீட்சை போச்சு!"

"எனக்கு... நல்லாத்தான் தெரிஞ்சது பிள்ளை."

"பொய்! நான் படிச்சு வெளியிலை போறது உங்களுக்குப் பிடிக்கேல்லை!"

"வாயை மூடடி!" சின்னம்மா குறுக்கே வந்து நின்றார். "அவவுக்கு உன்ர முகமே தெரியேல்லை. அதுக்குள்ளை உனக்குக் கொக்குப் பார்த்துச் சொல்லட்டோ?"

"திரேசு, வேண்டாம்..."

"ஏன் வேண்டாம்? அக்கா, இண்டைக்குச் சொல்லத்தான் போறன்!"

சின்னம்மா அலுமாரியைத் திறந்து கிளினிக் கொப்பியை எடுத்து என் கையில் திணித்தார். இரண்டு கண்ணிலும் கற்றாக், அதாவது கண்புரை. ஒப்பரேசனுக்குக் குறித்த நாள் ஒக்ரோபரில். அம்மா போகவில்லை.

"ஒப்பரேசன் செய்தா ஒண்டரை மாதம் உப்பும் வெயிலும் படக் கூடாதாம்" என்றார் அம்மா, என் குரல் வந்த பக்கம் பார்த்து. "வாடிக்குப் போகாட்டி உன்ர சீட்டுக்குக் கட்டுற காசு நிண்டிடும்... பரீட்சை முடியட்டும், பிறகு பாப்பம் எண்டு நினைச்சன்."

"அப்ப கரையிலை ஏனம்மா...?"

"தெரியேல்லை எண்டு சொன்னா நீ என்ர கண்ணைப் பற்றியெல்லோ கேப்பாய். ஸ்கோப் கிடைச்சதிலை உன்ர குரலிலை அவ்வளவு சந்தோசம் இருந்தது... கெடுக்க மனம் வரேல்லை."

நான் எதைப் பார்க்கப் படித்துக்கொண்டிருந்தேன்? ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் பறவையின் கால் நிறத்தை எழுதிவைத்தேன். அடுப்படியில் அம்மா சுவரைத் தடவி நடந்ததை எழுதவில்லை. ஒரு பக்கத்திலும் இல்லை. இப்போது புரட்டிப் பார்த்துவிட்டேன்.

அவருடைய மடியில் முகத்தைப் புதைத்தேன். கருவாட்டு உப்பில் வெடித்த அவருடைய விரல்கள் என் முகத்தைத் தடவிக் கண்ணீரைக் கண்டுபிடித்தன.

"அழாதை... நானாவிட்டை நான் போய்க் கெஞ்சிப் பாக்கிறன்."

"நீங்க ஒருத்தரிட்டையும் போக வேண்டாம். சனிக்கிழமை நான் பரீட்சைக்குப் போகேல்லை. ஒண்டரை மாதமும் வாடிக்கு நான் போறன்."

"ஐயோ, வேண்டாம்! அடுத்த வகுப்புக்கு ஒரு வருசமெல்லோ?"

"ஓம் அம்மா. ஒரு வருசம்தான்."

அம்மா வெகுநேரம் அழுதார். நான் சரியாகச் செய்கிறேனா என்பது இப்போதும் தெரியவில்லை. ஆனால் இதை யாரிடமும் கேட்டு எழுதவில்லை.

நாளை: காலை ஆறரை பஸ்ஸில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். எட்டு மணிக்கு முன் கண் கிளினிக்கில் நம்பர் எடுத்து, ஒப்பரேசனுக்குப் புதிய நாள் கேட்க வேண்டும்.