பூட்டு திறக்கும் முகம்

போன் தானாகத் திறந்துகொண்டது. அனிஷா அதைத் தொடவேயில்லை. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனவள், டிக் என்ற சத்தம் கேட்டுத் திரும்பினால், பூட்டு விலகித் திரை வெளிச்சமாக நிற்கிறது. அதற்கு எதிரே மேல்தட்டுக்குப் போகும் இரும்பு ஏணியைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தப் போன் இரண்டே முகங்களுக்குத்தான் திறக்கும். ஒன்று அவளுடையது. மற்றது அவள் புருஷன் டென்சிலுடையது. டென்சில் செத்து நாலு மாதமாகிறது.

ஆறு வருடத்துப் போன், கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். கதவைப் பார்த்து வைத்தாள், சுவரைப் பார்த்து வைத்தாள், திறக்கவில்லை. ஏணியைப் பார்த்து வைத்தால் மட்டும் தினமும் திறந்தது. பயம் மெல்லப் போய், அந்த இடத்தில் ஒரு கேடுகெட்ட ஆசை வந்து உட்கார்ந்தது.

மும்பை டிராம்பே பக்கம் எண்ணெய்த் தொட்டி வெடித்ததில் போனவன் அவன். புதைக்கும் முன் பெட்டியைத் திறந்து, நெற்றியில் முத்தமிட்டு அனுப்புவது அவர்கள் வழக்கம். டென்சிலை ஆணியடித்த பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். காலைப் பிடித்துக் கெஞ்சியும் யாரும் திறக்கவில்லை. கட்டினவனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காத பாவி அவள்.

"மைனி, ஒண்ணுக்கும் ஒதவாத இந்த பேகார் போனக் கெட்டிக்கிட்டு எத்தன நாளு அழுவிய? பேட்டரி உப்பிப்போய் நிக்கி பாருங்க. வெடிச்சிரும்," என்ற நாத்தனார் ஸ்வீட்டி, சொன்ன சொல்லுக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு, புதுப் போன் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரமாக அது அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. புதுப் போனுக்கு டென்சிலைத் தெரியாது. பழையதோ பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசித்து யோசித்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று மழை தாராவியையே மூழ்கடித்துவிடும்போலக் கொட்டியது. மத்தியானமே இருட்டு. கரண்ட் இல்லை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் தன் மூச்சே அவளுக்குக் கேட்கவில்லை. பழைய போன் ஏணிக்கு எதிரே திறந்தது, உடனே அணைந்தது. முதுகு பிளந்து, காந்தலாய் ஒரு வாடை வந்தது. எத்தனை அழுத்தியும் உயிர் வரவில்லை.

"ஏங்க! போயிராதிய!"

அலறிக்கொண்டே புதுப் போனைப் பிரித்தாள். கேமராவைத் திறந்தாள். எங்கே முகம் இருந்தாலும் அது கண்டுபிடித்து மஞ்சள் கட்டம் போடும் என்று ஸ்வீட்டி காட்டிக்கொடுத்திருந்தாள். அதன் லைட்டைப் போட்டு ஏணியைப் பார்த்துப் பிடித்தாள். துருப்பிடித்த படிகள். வேறொன்றுமில்லை.

"இருக்கியளா? ஒரே ஒருவாட்டி முகத்தக் காட்டுங்க. எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதந்தான்."

மேல்படியில் மஞ்சள் கட்டம் வந்தது.

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை பொங்கியது. வெறும் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. திரையில் கட்டம் ஒரு படி இறங்கியது.

மேலே இன்னொரு கட்டம்.

அவளுக்குப் புரியவில்லை. இன்னும் யார்?

மூன்றாவது. நான்காவது. எல்லாமே சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டைவிரல் அகலம்கூட இல்லை. முழு முகத்துக்குப் போதாது; முகத்தின் ஒரு துண்டுக்குத்தான் போதும்.

பெட்டிக்கு ஏன் ஆணியடித்தார்கள் என்பது அப்போது விளங்கியது.

"வேண்டாம். போதும். போங்க."

போகவில்லை. தரைக்கு வந்தன. பின்வாங்கியதில் கதவு அவள் முதுகில் இடித்தது. தாழ்ப்பாள் கைக்கு அகப்படவில்லை. கதவோடு சரிந்து உட்கார்ந்தாள்.

திரையில் ஐந்து கட்டங்கள். ஒன்றோடொன்று ஒட்டப் பார்த்தன. ஒட்டாமல் விலகின. மறுபடி ஒட்டப் பார்த்தன. அப்படியே நகர்ந்து வந்து, ஒவ்வொன்றாக, அவள் மடியில் ஏறின.