நீலக் காரின் டிக்கியில்

டிக்கியைத் திறந்தாள் பெனிதா... உள்ளே ஒன்றும் இல்லை.

நேற்று இதே நீலக் காரில்தான் ஒளித்துவைத்தாள். மின்னல் வெட்ட ஆரம்பித்தால், வேண்டிய பாகத்தை நாமே கழற்றிக்கொள்ளும் இந்தக் காயலான் கடையை மூடிவிடுவார்கள், எல்லாரையும் வெளியே விரட்டிவிடுவார்கள். பாடுபட்டுக் கழற்றிய பிளைவீலை, கிளட்ச் கவ்விப் பிடிக்கிற அந்தக் கனத்த இரும்புச் சக்கரத்தை, கேட் வரைக்கும் தூக்கிப்போக நேரமில்லை. யாரும் சீண்டாத இந்தக் காரின் டிக்கியில் போட்டு, அதன் மேல் சாக்பீஸால் 'என்னுது' என்று எழுதிவிட்டு ஓடினாள்.

"இதைத் தேடுறீங்களா?"

திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன். பிளைவீலைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் கண்களை அவள் பார்த்திருக்கக் கூடாது... மழைக்கு முந்தின வானம் மாதிரி, கறுப்பும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல்...

"கீழ வைங்க. அது என்னுது."

"அப்படித்தான் எழுதியிருக்கு. நானும் வாசிச்சேன். எனக்கும் சரியாத்தான் பட்டுது."

"கிண்டலா?"

"ஒளிச்சு வெச்சது யாருக்கும் சொந்தமில்லீங்க. கேட்டுல கடைக்கார ருஃபீனோ மாமா காசு வாங்கிட்டு மஞ்சக் கோடு போட்டாத்தான் சொந்தம். இங்க சட்டம் அதானே?"

சட்டம் அதுதான். போன மாதம் எவனோ ஒளித்துவைத்த கார்புரேட்டரை இவளே தூக்கிக்கொண்டு போனவள். ஆனால் விட முடியாது. எஸ்பன்யோலா ஊர்ச் சுற்றுவட்டாரத்தில் அவள் கார் மாடலுக்கு வேறு பிளைவீல் கிடையாது.

திங்கட்கிழமை ஆல்புகெர்க்கி நகரத்தில் நர்சிங் வகுப்பு ஆரம்பம். அப்பா ஒனேசிமோ மிளகாய் வறுக்கிற உருளையைச் சுழற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். "அந்தக் கிழட்டுக் கார் ஓடினா போ. ஓடலைன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இங்க மூட்டை மூட்டையா மிளகாய் கிடக்கு." அடுத்த வருஷமும் மிளகாய் காய்க்கும். அதற்கடுத்த வருஷமும் காய்க்கும்...

"எனக்கு அவசரம்" என்றாள். "உங்களுக்கு எதுக்கு இது?"

"எனக்கும் அதே காருதான். என் பிளைவீலும்... போச்சு." ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொன்னான். அதை அவள் கவனிக்கவில்லை.

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் நீலக் காருக்குள் தாவினார்கள். பிளைவீல் நடுவில் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியெல்லாம் நீர்த்திரை. வெயிலில் காய்ந்த மண் நனைகிற வாசனை...

"பேரு?" என்றான்.

"பெனிதா. உங்க பேரு திருடனா?"

"அமதேயோ. வீட்ல அப்படித்தான் கூப்பிடுறாங்க. சரி, ஒரு பேச்சு. வீல் உனக்கு. ஆனா நீ மாட்டும்போது நான் கூட இருக்கணும். எப்படி மாட்டுறதுன்னு பாத்துக்கிட்டா, நாளைக்கு எனக்கு உதவும்."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிடித்திருந்தது. "கியர் பாக்ஸ் தூக்க ஒரு கை வேணும்" என்றாள், வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு. "வா."

கேட்டில் ருஃபீனோ மாமா வீலின் மேல் மஞ்சள் க்ரேயானால் கோடு இழுத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஆப்ரிகாட் மரத்தடியில் அவள் கார் கட்டைமேல் நின்றது. கியர் பாக்ஸ் ஏற்கெனவே கீழே. பழைய பிளைவீலைக் காட்டினாள். சூட்டில் நீலம் பாய்ந்து, முகமெல்லாம் மயிரிழை விரிசல். கிளட்ச் பிளேட் ஆணி தெரியத் தேய்ந்திருந்தது.

"மலையேறுறப்போ இஞ்சின் கத்தும், வண்டி நகராது" என்றாள். "எங்கப்பா மாதிரி."

அவன் சிரித்தான். வந்ததும் அப்பா நீட்டிய மிளகாய் ரொட்டியைத் தின்ற கையோடு வீலைத் தொடப் போனான். அவன் கையில் அவள் ஓர் அடி வைத்தாள்.

"எண்ணெய்க் கையால தொட்டா கிளட்ச் வழுக்கும். தொடாத."

"எதைத் தொடலாம்?"

"ஸ்பேனரை."

வீலின் முகத்தை எமரித் தாளால் தேய்த்து, சுத்தமாகத் துடைத்து, அவளே மாட்டி முறுக்கினாள். புது பிளேட்டை அதன் முகத்தோடு முகம் வைத்து, நடு ஓட்டையில் பிளாஸ்டிக் குச்சியைச் செருகி நேர் பார்த்தாள். பிறகு இருவரும் காருக்கு அடியில், தோளோடு தோள். ஜாக்கியில் கியர் பாக்ஸ் மெல்ல ஏறியது. அவன் மூச்சு அவள் காதோரம்... ஜாக்கியை இன்னும் ஒரு சுற்றுத் திருகினாள்.

இஞ்சினுக்கு ஒரு விரல் இடைவெளியில் கியர் பாக்ஸ் நின்றுவிட்டது. தள்ளினாலும் போகவில்லை.

"போல்ட்டைப் போட்டு இழுத்துடறேன்" என்றாள்.

"ஐயோ, வேணாம். போல்ட் மாட்டுற காது உடைஞ்சிடும். கியர்ல போட்டு, பின்னாடி நீட்டியிருக்கிற தண்டைக் கையால லேசா திருப்பு. பல்லும் பல்லும் சேர்ந்தா தானா உள்ள போகும்."

சொல்லிமுடித்ததும் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் தலையைத் திருப்பினாள். மூக்குக்கு மூக்கு நடுவில் ஒரு சாண்கூட இல்லை. "மாட்டத் தெரியாதவனுக்கு இது எப்படித் தெரியும்?"

அவன் பார்வையைக் கியர் பாக்ஸ் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"உன் பிளைவீல் போச்சா, போகலையா?"

"...பிப்ரவரிக் குளிர்லயே மாத்திட்டேன். நல்லா இருக்கு."

அவள் உருண்டு வெளியே வந்தாள். முகம் கொதித்தது. "அப்போ இவ்வளவு நேரம் பொம்பள என்ன பண்றான்னு வேடிக்கை பாத்தீங்களா? பாவம், கை கொடுப்போம்னு வந்தீங்களா? எனக்கு யாரும் இரக்கப்பட வேணாம்ங்க. கிளம்புங்க."

திரும்பவும் 'நீங்க'. அவனுக்கு அதுதான் சுருக்கென்று குத்தியது. எழுந்து போய்க் காரை எடுத்தான். அவன் கார் மேட்டில் பிசிறில்லாமல் ஏறிப்போன சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். எவ்வளவு நல்ல கிளட்ச்... இடது பின்விளக்கு உடைந்து, சிவப்பு டேப் ஒட்டியிருந்தது.

ஞாயிறு காலை தனியாகவே காருக்கு அடியில் படுத்தாள். தள்ளிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் கியரில் போட்டு, தண்டைப் பிடித்து லேசாகத் திருப்பினாள்... சளக். வெண்ணெயில் கத்தி மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது.

காருக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பைக் காட்ட பக்கத்தில் ஆள் இல்லை. பாழாய்ப்போனவன்.

மதியம் காரை வாசலுக்கு ஓட்டிவந்தாள். கிளட்ச் நறுக்கென்று பிடித்தது. அப்பா காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். வறுத்த மிளகாய்ப் பை ஒன்றைப் பின்சீட்டில் வைத்தார். "ஆல்புகெர்க்கி மிளகாய்ல உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது" என்றார். அவ்வளவுதான். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வண்டியை எடுத்தாள். போன இடம் காயலான் கடை.

"உன் ஆளு காலையிலேர்ந்து நீலக் கார்ல உக்காந்திருக்கான்" என்றார் ருஃபீனோ மாமா. "ஒண்ணும் கழட்டவும் மாட்டேங்கிறான், வாங்கவும் மாட்டேங்கிறான்."

"என் ஆளுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இன்னும் கோடு போடலல்ல."

அவள் பிளைவீல் கழற்றிய அதே உடைந்த காருக்குப் போய், இடது பின்விளக்கை முழுசாகக் கழற்றி எடுத்துக்கொண்டு நீலக் காருக்கு வந்தாள். கதவைத் திறந்து, அவன் மடியில் வைத்தாள்.

"இதுக்குத்தானே நேத்து வந்த?"

அவன் விளக்கைப் பார்க்கவில்லை. "இரக்கம் இல்ல பெனிதா. டிக்கியைத் திறந்துட்டு நீ நின்ன பாரு... அழுதுடுவ போல, அடிச்சுடுவ போல. வீலைக் குடுத்தா நீ போயிடுவ. இன்னும் கொஞ்சம் பேசணும்னு இருந்துச்சு. வாயில வந்த பொய்யைச் சொல்லிட்டேன். அப்புறம் நீ வேலை செய்றதைப் பாத்து, உண்மையைச் சொல்லவே பயமாயிடுச்சு."

"தண்டைத் திருப்பினேன்" என்றாள் அவள் மெதுவாக. "உள்ள போயிடுச்சு. சிரிப்பு தாங்கல. திரும்பிப் பாத்தா... நீ இல்ல. எரிச்சலா வந்துச்சு."

தூறல் ஆரம்பித்தது. அவன் கண்கள் நனையாமலே பளபளத்தன.

"நாளைக்குப் போயிடுவியே" என்றான்.

"வெள்ளிக்கிழமை வந்துடுவேன். கிளட்ச் நல்லா இருக்கு, மேடு ஏறும். ஆனா அதுவரைக்கும் உன்னை இப்படியே போட்டுட்டுப் போக முடியாது."

"ஏன்?"

வரும்போது கேட்டில் வாங்கிக்கொண்ட ருஃபீனோ மாமாவின் மஞ்சள் க்ரேயானை அவள் சட்டைப்பையிலிருந்து எடுத்தாள். அவன் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள்.

"ஒளிச்சு வெச்சா எவளாவது தூக்கிட்டுப் போயிடுவா" என்றாள். "இங்க சட்டம் அதானே?"