மீசை வைத்த சிவப்புப் பொம்மை

ரோஹிணி எடுத்துக்கொண்டிருந்த படத்தில் நடிகர்கள் எல்லாருமே சுண்டுவிரல் உயரம்தான். நகரியில் பவர்லூம் கொட்டகைகளுக்குக் குறைவில்லை. அங்கே வீணாகும் நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்த பொம்மைகள் அவை. பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் பொம்மை நடக்கும். தெருவைத் தாண்டவே அதற்கு ஒரு மதியம் ஆகிவிடும்.

படத்தின் கதை அவளுடைய சொந்தக் கதை. போன வருஷம், தெலுங்கு மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கக் கூடாது என்று ஊரே போராடியது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பஸ் ஓடவில்லை. திருப்பதியில் மொட்டை போட்டவர்கள் நகரி வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். (மொட்டைப் பொம்மைகள் செய்வது சுலபம். தலைமுடிக்கு நூல் வேண்டாம்.)

கடைசியில் கரண்ட் ஆபீஸ்காரர்களும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார்கள்; கரண்டும் நின்றது. கரண்ட் நின்றதால் தறியும் நின்றது. அவளுடைய அப்பா சந்திரன் வேலை தேடித் திருப்பூருக்கு ரயிலேறினார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

"நைனா இல்லாதப்ப இங்க இன்னா நடந்துச்சுன்னு அவரு பாக்கணும்," என்று சொல்லிக்கொண்டே இருப்பாள் ரோஹிணி. பள்ளி ஆண்டு விழாவுக்கு வருவதாக அவர் போனில் சொல்லியிருந்தார். அதற்குள் படம் முடிய வேண்டும்.

படத்துக்குச் சத்தம் கொடுப்பவன் பக்கத்துத் தெரு கிரண்குமார். பஸ் ஆரன், ஊர்வலம், நாய் எல்லாம் அவன் வாயிலேயே இருந்தன. அதிலும் தறிச் சத்தம் அவன் போட்டால், ரோஹிணியின் தம்பி அருள்குமார் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். நகரியில் பிறந்த குழந்தைகளுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. தறி நின்ற அன்று தெருவிலிருந்த குழந்தைகள் எல்லாம் திடுக்கிட்டு விழித்து அழுதன. படத்தில் அதுதான் பெரிய காட்சி.

அந்தக் காட்சிக்காக ரோஹிணி ஒரு புதுப் பொம்மை செய்தாள். சிவப்பு உடம்பு, காதுவரை கறுப்பு மீசை. அது ஸ்விட்சைப் பிடித்து இழுக்கும். தறிகள் நிற்கும்.

கிரண் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எங்க நான்னாதானே?"

அவன் அப்பா முனிகிருஷ்ணன் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். ஊரிலேயே பெரிய மீசை அவருடையது.

"ஆமா. கரண்ட நிறுத்துனது அவருதானே? இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

கிரண் இல்லை என்று சொல்லவில்லை. "நேனு ரானு, போ!" என்று தெலுங்கில் கத்தினான். இனிமேல் வரமாட்டானாம். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் மறந்துவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டான்.

போனால் போகட்டும் என்று ரோஹிணி கொட்டகைக்கே போய், தறிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்தாள். வீட்டில் போட்டுப் பார்த்தாள்.

அம்மா பிரேமலதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு ஊட்ல போண்டா சுட்டுக்கினு இருக்காங்க?"

ரோஹிணிக்கு அழுகையே வந்தது. மீசைப் பொம்மையை எடுத்து வைத்து, கிரண் இல்லாமலேயே அந்தக் காட்சியை எடுத்தாள். பொம்மை ஸ்விட்சை இழுத்தது. ஓரமாக நடந்தது. போட்டோவை விட்டு வெளியே போனது.

வெளியே போய் எங்கே போகும்? வீட்டுக்குத்தான் போகும். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது? யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

நேராகக் கிரண் வீட்டுக்குப் போனாள்.

"டேய், கரண்ட் நின்னப்ப உங்க ஊட்ல இன்னா பண்ணீங்க?"

கிரண் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இருட்டுல குந்திக்கினு இருந்தோம்."

"உங்க ஊட்லயும் கரண்ட் இல்லியா?"

"எப்படி இருக்கும்? மொத்தமா நிறுத்திட்டாங்க இல்ல? சம்பளமும் இல்ல. தெனம் ரசம் சோறுதான் துன்னோம். அம்மா ஒரு அட்டைய எடுத்து நான்னா கையில குடுத்து, 'நிறுத்துனது நீதானே, நீயே விசுறு'ன்னு சொல்லிட்டாங்க. அவரும் கை மாத்தி மாத்தி விசுறிக்கினே இருந்தாரு. கொசு வந்து மீசையில குந்திச்சு."

ரோஹிணி களுக்கென்று சிரித்தாள். கிரணுக்கும் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"இத ஏண்டா முன்னயே சொல்லல?"

"நீ கேக்கலியே."

அது உண்மைதான். ரோஹிணிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஸ்விட்ச் இழுக்கறத வெட்ட மாட்டேன். அது நடந்துச்சு," என்றாள். "ஆனா அட்டையும் நடந்துச்சு. அதையும் எடுக்கலாம். கொசுவுக்குச் சத்தம் வேணுமே?"

கிரண் மூக்கைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "ஙொய்ங்ங்ங்," என்றான்.

ஆண்டு விழாவன்று சாயங்காலம் வகுப்பறைச் சுவரில் ஒரு வேட்டியைக் கட்டினார்கள். வரலட்சுமி டீச்சர் எங்கேயோ கேட்டு ஒரு புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தார். ரயில் இறங்கி நேராக வந்த சந்திரன், காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் முனிகிருஷ்ணன்.

படம் ஓடியது. மொட்டைகள் நடந்தார்கள். கிரணின் தறி சடக்கு சடக்கு என்று ஓடியது. அம்மா மடியில் அருள் தூங்கிப்போனான். மீசைக்காரப் பொம்மை வந்தது. ஸ்விட்சை இழுத்தது.

தறி நின்றது. படமும் நின்றது. வாசல் விளக்கு அணைந்தது, ஃபேனும் நின்றது. நிஜமாகவே கரண்ட் போய்விட்டது. அருள் விழித்துக்கொண்டு வீறிட்டான்.

அரை இருட்டில் எல்லாத் தலைகளும் ஒரே ஆள் பக்கம் திரும்பின.

"ஐயோ, இந்த தபா நான் இல்லப்பா!" என்றார் முனிகிருஷ்ணன்.

வகுப்பறையே சிரித்தது. சந்திரனும் சிரித்துவிட்டார்.

முனிகிருஷ்ணன் எழுந்தார். "ஃபியூஸ் போயிருக்கும். டார்ச் யாருகிட்ட இருக்குது?"

"எம் போன்ல இருக்குது. வாங்கண்ணா," என்றார் சந்திரன்.

ஒருவர் வெளிச்சம் காட்ட, இன்னொருவர் கம்பி மாற்றினார். அவர்கள் திரும்பி வாசலுக்கு வந்தபோது படம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியில், இருட்டான ஒரு வீட்டில், சிவப்புப் பொம்மை அட்டையால் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. ஙொய்ங் என்று கொசு வந்து மீசையில் உட்கார்ந்தது.

முனிகிருஷ்ணன் தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"உங்க ஊட்லயும் இல்லியாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார் சந்திரன்.

"எங்க ஊட்ல மட்டும் எப்படிப்பா இருக்கும்?"

கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் மட்டும் என்னவோ சுற்றவில்லை. முனிகிருஷ்ணன் வாசலில் கிடந்த ஒரு அட்டையை எடுத்தார். தனக்கு இரண்டு வீச்சு, சந்திரனுக்கு இரண்டு வீச்சு என்று விசிறிக்கொண்டே மிச்சப் படத்தைப் பார்த்தார்.