அரசரின் மெத்தையைச் சோதித்தவர்

வைக்கோல் வெதுவெதுப்பாக இருந்தது. மதியம்தான் புதிதாகக் கொண்டுவந்து பரப்பியது, கணப்பு இன்னும் மூட்டவில்லை, தேம்ஸ் நதியின் ஈரக்காற்று சன்னல் இடுக்கில் முனகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அரசரின் கட்டிலில் கை வைத்த ஆம்ப்ரோஸ் பிரபுவுக்கு, யாரோ இப்போதுதான் எழுந்துபோன இடத்தைத் தொட்டதுபோல் இருந்தது.

கையை உதறிக்கொண்டார். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தம்பி லயனல் கோட்டைச் சிறையில் கிடக்கிறான். விடிந்தால் தலை போகும். அரசர் படுக்க வரும்போது காலில் விழுந்து அவன் உயிரைக் கேட்கத்தான், படுக்கையைக் கத்தியால் குத்திச் சோதிக்கும் இன்றைய முறையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தார்.

"என்ன பிரபு, கத்திய வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறீங்க?" படுக்கையறைக்குப் பொறுப்பான கிரிஃபித் பல்லைக் குத்தியபடி கேட்டார். "மூணு எடத்துலயும் குத்துங்க. உள்ள எவனாவது ஆயுதத்த ஒளிச்சு வெச்சிருந்தா என் தலையும்ல சேர்ந்து போகும்!"

"தெரியும்யா."

கால்மாட்டில் குத்தினார். கத்தி சரசரவென்று இறங்கியது. வைக்கோல் வாசனையோடு இன்னொன்றும் வந்தது: ஈரக் கம்பளி, பழைய வியர்வை, கல்சுவரின் பூஞ்சை. நடுவில் குத்தினார். எதிலோ பட்டு, மெத்தென்று நின்றது. அடியில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"கேட்டுச்சா?" வாய் தவறி வந்துவிட்டது.

"எது?" கிரிஃபித் நிமிர்ந்தார். "மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம், பிரபு. காவல கூப்பிடட்டுமா?"

அரசரின் படுக்கையில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால் முதலில் பிடிபடுவது துரோகியின் அண்ணன்தான். அப்புறம் லயனலுக்காக வாய் திறக்க யார் இருக்கிறார்கள்?

"வேணாம், வேணாம். காத்துதான்."

"அப்போ தலைமாட்டையும் முடிச்சிடுங்க. ராஜா படியேறிட்டாரு."

தலைமாடு. கழுத்து வைக்கும் இடம். உள்ளே மூச்சு வேகமாகிவிட்டது. பயந்த மூச்சு. சின்ன வயதில் இடி இடிக்கும்போது பக்கத்தில் ஒண்டிக்கொள்வானே, அவன் மூச்சு. ஐயோ.

"அண்ணா..." வைக்கோலுக்குள்ளிருந்து. மிக மெல்ல. "குத்தாத."

கிரிஃபித்தின் கை கதவுத் தாழ்ப்பாளுக்குப் போனது.

ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டார். பிடிவரை இறக்கினார்.

மூச்சு நின்றது.

கத்தியில் ஒரு துளி ஈரம் இல்லை. கிரிஃபித் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இருவருமாக இறகு மெத்தையைப் போட்டு, வெள்ளைத் துணியை இழுத்து விரித்தார்கள். வழக்கப்படி, கை பட்ட இடத்தையெல்லாம் ஆம்ப்ரோஸ் குனிந்து முத்தமிட வேண்டும். முத்தமிட்டார். உதட்டில் உப்புக் கரித்தது.

கதவு திறந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சம் உள்ளே வந்தது. அதன் பின்னால் கனத்த காலடி.

மண்டியிட்டார். "என் தம்பியோட உயிர..."

அதற்குமேல் வரவில்லை. வெளிச்சம் படுக்கைமேல் விழுந்திருந்தது. வெள்ளைத் துணிக்கு அடியில் தோள்கள் புடைத்திருந்தன. மார்பு. இறுகக் கட்டிய கைகள்.

தலை மட்டும் ஒரு சாண் தள்ளி, அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.