பெருநாள் ஆடு போன வழி

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. உம்மு ஸல்மா பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்த வேகத்தில் வாசலில் இருந்த கதிரை சரிந்து விழுந்தது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தவர் அவருடைய கணவர் காமில்.

“பெருநாளில குர்பானுக்கு அறுக்க வளர்த்த கிடாய், சேர்! ராவு இஷா தொழுதிட்டு நான்தான் குழை போட்டனான். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தா கொட்டில் வெறுமை. இந்த மனுசன் நேற்றுப் பின்னேரம் சலூனுக்குப் போய் மாப்பிள்ளை மாதிரி வந்தவர். ஆடு போனதும் தெரியாமக் குறட்டை!”

ஒட்ட வெட்டிய தலையைக் காமில் தடவிக்கொண்டார். “போனாப் போகட்டும் ஸல்மா. முறைப்பாடெல்லாம் என்னத்துக்கு?”

“நீங்கள் சும்மா இருங்கோ!”

கொன்ஸ்டபிள் றொட்னிக்கு இதுதான் முதல் வழக்கு. பையனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய்க் கொட்டிலைப் பார்த்தான். உள்ளே ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. பக்கத்து வளவு டினோஜாவுடையது. பதின்மூன்று வயது, எந்நேரமும் சுல்தான் என்ற அந்த ஆட்டோடுதான் நிற்பாளாம். கேட்டதற்கு, “சுல்தான் போனது நல்லது” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வேறென்ன வேண்டும்? கள்ளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்து, அவளை நிலையத்துக்குக் கூட்டிவந்து வாங்கில் இருத்தினான்.

பின்னேரம் பிள்ளையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதென்று பொறுப்பதிகாரி சொல்லிவிட்டார். பிள்ளை சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் நன்னடத்தை உத்தியோகத்தர் நிறஞ்சலாவுக்கும் தகவல் போனது. வந்ததும் அவர் ஆட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“அம்மா எங்க?”

தாய் எடித் நிலையத்தின் படலைக்கு வெளியே வெயிலில் நின்று அழுதுகொண்டிருந்தார். றொட்னிதான் அவரை உள்ளே விடாமல் வைத்திருந்தான்.

“தாய் பக்கத்தில இல்லாம பிள்ளையிட்ட ஒரு கேள்வி கேட்கப்படாது, தம்பி. நீங்கள் கேட்டு வாங்கின பதிலை நான் கணக்கில எடுக்கமாட்டன்” என்றார் நிறஞ்சலா. குரல் உயரவில்லை, ஆனாலும் றொட்னிக்குக் காது சுட்டது. “ரெண்டு பேரையும் உள் அறையில இருத்தி, தேத்தண்ணி குடுங்கோ.”

“மிஸ், என்ர பிள்ளையைக் கொண்டுபோய்ச் சிறுவர் விடுதியில போட்டிடுவினமோ?” எடித் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அடுத்த கிழமை தவணைச் சோதினை.”

“நான் இன்னும் கொட்டிலைப் பார்க்கேல்லை அக்கா. பார்த்திட்டு வாறன்.”

கொட்டிலில் செருப்பு அப்படியே கிடந்தது. றொட்னி பெருமையோடு காட்டினான். நிறஞ்சலா குனிந்து பார்த்தார்.

“வார்க்குள்ள என்ன, தம்பி?”

“சிலந்தி வலை, மிஸ்.”

“ராத்திரிக் கழன்ற செருப்பில சிலந்தி இவ்வளவு கெதியா வீடு கட்டுமோ? இது கன நாளாக் கிடக்குது.”

றொட்னிக்கு முகம் விழுந்துபோனது. ஆனாலும் விடுகிற ஆளா? “கயிறு வெட்டுப்படேல்லை, மிஸ். அவிட்டிருக்கு. சத்தமும் கேட்கேல்லையாம். பழகின ஆளாத்தான் இருக்கவேணும்!”

“அது சரியான பேச்சு” என்றார் நிறஞ்சலா. றொட்னி மறுபடி மலர்ந்தான்.

வீட்டு வாசலில் காமிலின் செருப்புகள் இருந்தன. இரண்டிலும் கறுத்தச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. தீவு என்பதால் முற்றமெல்லாம் வெள்ளை மணல். நேற்று எங்காவது போனாரா என்று நிறஞ்சலா கேட்டார். சலூனைத் தவிர எங்கும் போகவில்லை என்று காமில் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

நிறஞ்சலா அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, எல்லாரையும் நிலையத்துக்கு வரச்சொன்னார்.

உள் அறையில் எல்லாரும் கூடினார்கள். பொறுப்பதிகாரியும் வந்து நின்றார்.

“எங்கட கந்தோரில முஸ்பிரா எண்டு ஒருத்தி” என்று நிறஞ்சலா தொடங்கினார். “அவளின்ர மனுசன் இப்ப கரடி மாதிரித் திரியிறார். ஏனெண்டு கேட்டன். குர்பான் குடுக்க நினைச்ச ஆள், பிறை கண்ட நாளிலயிருந்து குடுத்து முடியுமட்டும் தலைமயிரும் நகமும் வெட்டமாட்டாராம். சரியோ?”

“ஓம்!” என்றார் உம்மு ஸல்மா. “அதுக்குத்தானே நேற்று நான் ஏசினனான். மறந்துபோனன் எண்டார்.”

“வருசா வருசம் குடுக்கிறவர் மறப்பாரோ? நேற்றுப் பின்னேரம் ஆடு கொட்டிலில நிக்குது. அப்பவே இவர் தலை வெட்டிப்போட்டார். இந்த முறை குர்பான் இல்லையெண்டு இவருக்குத் தெரியும். ஆடு காணாமல் போகப்போகுதெண்டு அதைக் கொண்டுபோற ஆளுக்கு மட்டும்தானே முன்கூட்டியே தெரிஞ்சிருக்கும்?”

றொட்னியின் வாய் திறந்தது திறந்தபடி.

“கறுத்தச் சேறு தீவில இல்லை. பாலம் தாண்டிக் குளத்தடியிலதான். கட்டுக்கரைக் குளத்தடியோ, காமில் நாநா?”

காமில் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். “குட்டியா வந்தது. போத்தலில பால் பருக்கினனான். கூப்பிட்டா வந்து மடியில தலை வைக்கும். எப்படி மிஸ் நான் கத்தியைத் தொடுறது? ராவோட ராவா ஓட்டோவில ஏத்தி, அங்க கூட்டாளியின்ர வாடிக் குடிசையில விட்டிட்டு வந்தனான்.”

“ஓட்டோவில ஆடு!” என்றார் உம்மு ஸல்மா. பொறுப்பதிகாரி இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

நிறஞ்சலா மட்டும் சிரிக்கவில்லை. “உங்கட வெட்கத்தால ஒரு பிள்ளை இண்டைக்குக் கோட்டு வாசல் மிதிச்சிருக்கும், நாநா.”

காமிலின் கண் கலங்கியது. எழும்பி டினோஜாவின் முன்னால் போய் நின்றார். “மன்னிச்சுக்கொள்ளு மகள். உன்னைக் கண்டவுடனேயே நான் சொல்லியிருக்கவேணும். பயந்துபோனன்.”

றொட்னியும் தொப்பியைக் கழற்றினான். “என்னையும் மன்னிச்சுக்கொள்ளும் தங்கச்சி.” பிறகு மனம் கேளாமல் கேட்டான். “ஆனா நீர் ஏன் ஒண்டும் சொல்லாமல் இருந்தனீர்?”

டினோஜா தாயின் முகத்தைப் பார்த்தாள். எடித் தலையாட்டினார்.

“நான் யன்னலால பார்த்தனான். மாமா சுல்தானைக் கொஞ்சிக் கொஞ்சி ஓட்டோவில ஏத்தினவர். சொன்னா நீங்கள் திருப்பிக் கொண்டுவந்திடுவீங்கள்தானே?”

ஒரு ஆட்டுக்காக இந்தச் சின்னப் பெண் நீதிமன்றம் போகத் துணிந்திருக்கிறாள்! றொட்னிக்கு அந்த நேரம் அவளுக்கு ஒரு சல்யூட் அடிக்கவேண்டும்போல இருந்தது.

உம்மு ஸல்மா மூக்கை உறிஞ்சினார். முறைப்பாட்டைத் திருப்பி எடுப்பதாகப் பொறுப்பதிகாரியிடம் சொல்லிவிட்டு, டினோஜாவைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

“சுல்தான் அங்கேயே நிக்கட்டும். குர்பானுக்கு என்ர தம்பியிட்டச் சொல்லி வேற கிடாய் எடுக்கிறன்” என்றவர், கணவரைத் திரும்பிப் பார்த்தார். “ஆனா பெருநாள் முடியுமட்டும் இந்த மனுசன் அந்தப் புதுக் கிடாய்க்குக் கிட்டவும் வரப்படாது!”